சுவருக்கு இந்தப் பக்கம்

லண்டன் மனோர் பார்க்கில் நான் நாலு வருடம் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. அவரிடம் எதைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்கக் கூடாது என்று எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லி வைக்கவில்லை. போன முதல் வாரமே கேட்டுத் தொலைத்தேன். மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்தவளுக்குச் சமைக்கத் தெரியாது என்று பெயர் வந்துவிடக் கூடாதே என்று ஒரு வெள்ளிக்கிழமை கோழிக்கறி வைத்து, ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் படியில் எதிர்ப்பட்டபோது ஆசையாக விசாரித்தேன்.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"நேற்று வெள்ளிக்கிழமையெல்லோ பிள்ளை. இன்னும் வாயில வைக்கேல்லை. வைச்சுப் போட்டுச் சொல்றன்."

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பேச்சு அதோடு முடிந்திருக்கும். ஞாயிறு காலை என் கதவைத் தட்டி, கழுவின கிண்ணத்தைக் கையில் தந்து, "குழம்பு திறம். இறைச்சி இன்னும் கொஞ்சம் அவிஞ்சிருக்கோணும்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. அன்றைக்கு மிச்சமிருந்த கறியைச் சாப்பிட்டுப் பார்த்தேன். அவியத்தான் இல்லை.

நான் வளர்ந்த விதம் வேறு. எங்கள் வீட்டில் யார் எதைக் காட்டினாலும் "சூப்பர்" என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பியே பார்ப்போம். ஓட்டலோ டாக்ஸியோ மழைக்கோட்டோ, இணையத்தில் கருத்துக் கேட்டால் ஐந்து நட்சத்திரத்தையும் ஒரே அமுக்காக அமுக்கிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். அக்கா ஒரு மருந்துக்கடை கவுண்டரில் வேலை பார்த்தார். இருமல் மருந்தைக் கையில் எடுத்து "இது நல்லதோ?" என்று கேட்கிறவரிடம், "நான் குடிச்சுப் பாக்கேல்லை. குடிச்ச ரெண்டு பேர் திரும்பி வந்து வாங்கினவை" என்பார். முதலாளி தலையில் கை வைத்துக்கொள்வாராம். ஆனால் கடையில் இரண்டு வரிசை இருந்தால் சனம் அக்காவின் வரிசையில்தான் போய் நிற்கும். நானே பார்த்திருக்கிறேன்.

அரங்கேற்றங்களுக்கு அவரோடு போவது பெரிய சோதனை. லண்டனில் நம்மவர்களின் அரங்கேற்றம் எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். முடிந்ததும் பெண்ணின் அம்மா பட்டுச் சேலையோடு வாசலில் நிற்பார். சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் வாங்கியபடி எல்லாரும் "திறம், திறம்" என்று நகர வேண்டும். நிகழ்ச்சி முழுக்க வெளியே நின்று போனில் பேசியவரும் அதையேதான் சொல்வார். ஒருமுறை அக்கா நின்று நிதானமாக, "பஸ் சுணங்கிப் போச்சு, வர்ணம் தவறிப் போச்சுது. அதுக்குப் பிறகு ஆடினது எல்லாம் பாத்தனான். கடைசி உருப்படியில பிள்ளை களைச்சுப் போனாள், ஆனால் சிரிப்பை விடேல்லை" என்றார். அந்த அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஆடிய பெண் மட்டும் ஓடி வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்ரி, அது உங்களுக்குத் தெரிஞ்சதா?" என்று கேட்டாள். அன்று மண்டபத்தில் அவள் ஆடியதைப் பற்றி அவளோடு பேசியது அக்கா ஒருவர்தான்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். "எங்கேயிருந்தும் வரேல்லை. நான் சின்னனிலேயே இப்படித்தான்" என்றார். பிறகு யோசித்து, குரோய்டனில் தனக்கு நடந்த அகதி விசாரணையைச் சொன்னார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. கூட இருந்தவர்கள் எல்லாம், இதைச் சேர்த்துச் சொல், அதைக் கூட்டிச் சொல் என்று புத்தி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே போய், "ஷெல் விழுந்த சத்தம் கேட்டனான். விழுந்ததைப் பாக்கேல்லை. பிறகு போய்ப் பாக்கேக்க வீடு இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"அதனாலதான் சீக்கிரம் நம்பிட்டாங்களா?" என்றேன் நான், கதை நல்லபடி முடிய வேண்டுமே என்று.

"இல்லை. கூட்டிச் சொன்ன ஆக்களுக்குக் கெதியாக் கிடைச்சது. எனக்குக் கனகாலம் சுணங்கினது."

அதோடு வெங்காயம் வெட்டப் போய்விட்டார்.

இப்போது பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். அந்த இசைக்குழுவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஆளுக்கு ஓர் அபிப்பிராயத்தைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். இங்கிலாந்தின் வடக்கே ஏதோ ஓர் ஊரிலிருந்து கிளம்பிய நாலு பேர், கிட்டாரும் டிரம்ஸுமாக ஒரு இண்டி ராக் கும்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் காலம்காலமாகத் தனித்தனியாக வெளியிட்ட பாட்டுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரு சிங்கிள்ஸ் தொகுப்பு வந்திருந்தது. அதன் சிடி அக்காவின் முன்னறை ஹோலில், கந்தசஷ்டிக் கவசத்துக்கும் சீர்காழிக்காரர் பக்திப் பாடல்களுக்கும் நடுவில் நின்றதைப் பார்த்து, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது என்றுதான் நினைத்தேன்.

"என்ரதான்" என்றார் அக்கா.

விஷயம் இதுதான். அக்கா லண்டனுக்கு வந்து முதன்முதலில் குடியிருந்ததும் இதே வீடுதான். அப்போது முன்னறையில் வாடகைக்கு இருந்தார். பிறகு கல்யாணமாகி, கணவரோடு சேர்ந்து உழைத்து அந்த வீட்டையே வாங்கினார். கணவர் இறந்த பிறகும் அங்கேயே இருந்தார். வரிசை வீடு, பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் ஒரே சுவர். பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார மனிதர், தபால்காரர், தனிக்கட்டை. காலை வேலையை முடித்து வந்து பின்னேரம் நாலு மணிக்கு முன்னறையில் பாட்டுப் போடுவார். எப்போதும் இந்தக் குழுவின் பாட்டுத்தான். அக்காவுக்கோ கையில் கடுதாசி இல்லை, வேலை செய்ய அனுமதி இல்லை, இங்கிலீஷ் விளங்காது, கதைக்க ஆளில்லை. "நாலு மணிக்குச் சுவர் கதைக்கத் தொடங்கும். நான் கட்டிலில இருந்து கேட்டுக்கொண்டிருப்பன்" என்றார்.

முப்பது வருடம் அப்படியே கேட்டிருக்கிறார். அந்த மனிதரோடு பேசியது என்று பார்த்தால் குப்பைத் தொட்டி, பார்சல், வானிலை. கிறிஸ்துமஸுக்கு அவர் ஒரு பிஸ்கட் டின் தருவார். அக்கா பயற்றம் பணியாரம் கொடுப்பார். அதைச் சாப்பிட்டுவிட்டு அவர் வருடாவருடம் "வெரி இன்ட்ரஸ்டிங்" என்று சொல்வாராம். "அது ஒரு அபிப்பிராயமே இல்லை" என்று அக்காவுக்கு அதில் மட்டும் மனக்குறை. ஒருநாள் அவருக்கு வந்த பார்சல் அக்கா வீட்டில் கொடுக்கப்பட, அவர் வாசலிலேயே அதைப் பிரித்து, தான் எப்போதும் போடுகிற பாட்டுகள் என்று இந்தத் தொகுப்பைக் காட்ட, அப்போதுதான் அந்தக் குழுவின் பெயரே அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. உடனே தானும் ஒன்று வாங்கிவிட்டார்.

வாங்கின இணையதளத்தில், பாட்டைக் கேட்டவர்களின் கருத்துகள் வரிசையாக இருந்தன. அக்கா அவற்றைத் தேத்தண்ணியோடு பத்திரிகை போல வாசிப்பார். ஒருவர், இந்தத் தலைமுறையின் மகத்தான குழு என்று எழுதியிருந்தார். இன்னொருவர், முழு ஆல்பங்களையும் வைத்திருக்கும் உண்மையான ரசிகனுக்கு இது தேவையில்லாத சாமான் என்று பொரிந்து தள்ளியிருந்தார். வேறொருவர் பெட்டி நசுங்கி வந்ததற்காக ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தார். "இவர் பெட்டியைக் கேட்டிருக்கிறார் போல" என்று அக்கா சிரித்தார். கணவருக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கினேன், அவருக்குப் பிடிக்கும் என நம்புகிறேன் என்று எழுதிய பெண்மீதுதான் அவருக்குப் பரிதாபம். "மனுசனிட்டக் கேட்டுப்போட்டு எழுதியிருக்கலாம்."

அக்காவும் எழுதினார். எழுதுவதற்கு முன் ஒரு மாதம் கேட்டார். நான் அவருடைய இங்கிலீஷைத் திருத்தட்டுமா என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். அவர் எழுதியது ஏறக்குறைய இதுதான்: "இந்தப் பாட்டுகளை முப்பது வருடம் சுவர் வழியாகக் கேட்டேன். போன மாதம்தான் நேராகக் கேட்டேன். சுவர் வழியாகக் கேட்டபோது பாடுகிறவர் கவலையாக இருக்கிறார் என்று நினைத்தேன். நேராகக் கேட்டால் கோபமாக இருக்கிறார். இரண்டாவது பாட்டு நேராகக் கேட்க நல்லது. ஐந்தாவது பாட்டு சுவர் வழியாக நல்லது. மூன்று நட்சத்திரம்."

அதன் கீழே வந்த பதில்களைப் படித்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இது கேலியா என்று ஒருவர். எந்த மாதிரிச் சுவர் என்று இன்னொருவர், நிஜமாகவே. அக்கா அவருக்கு, செங்கல் சுவர், மேலே வால்பேப்பர் என்று பதில் போட்டார். சில நாளில் ஒருவர், ஐந்தாவது பாட்டை அடுத்த அறையில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன், நீங்கள் சொன்னது சரி என்று எழுதியிருந்தார். எனக்கு அன்றைக்கு அக்காவை நினைத்து அப்படிப் பெருமையாக இருந்தது.

நான் அங்கே இருந்த மூன்றாவது வருடம் பக்கத்து வீட்டு மனிதருக்கு ஸ்ட்ரோக் வந்தது. இரண்டு மாதம் ஆஸ்பத்திரி. திரும்பி வந்தபோது பேச்சு இல்லை, வலது பக்கம் அசைவு இல்லை. முன்னறையில், அக்காவின் ஹோலை ஒட்டிய அதே சுவரோரம் கட்டில் போட்டார்கள். கடலோர ஊர் ஒன்றிலிருந்து அவருடைய தங்கை வந்து தங்கினார். பராமரிக்கிற பெண் ஒருத்தி நேரத்துக்கு வந்து போனாள். யார் என்ன கேட்டாலும் அவர் கண்ணை மூடிக்கொள்கிறார், எதுவும் விளங்குகிற மாதிரித் தெரியவில்லை என்று தங்கை வாசல் கேட்டருகே வைத்துச் சொன்னார். வீட்டை விற்றுவிட்டுத் தன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க யோசனை. அடுத்த வாரத்துக்கு அடுத்த வியாழக்கிழமை கவுன்சிலிலிருந்து ஒரு சமூகப் பணியாளர் வந்து பார்த்து முடிவு செய்வார். தங்கை நல்ல பெண்மணிதான். அண்ணனை விட்டுவிட மனமில்லாமல் களைத்துப்போய் இருந்தார். கடைசியாக, பிடிமானம் தேடுகிறவர் போல அக்காவைக் கேட்டார்: "நீங்கள் இத்தனை வருடம் பக்கத்தில் இருக்கிறீர்கள். அவரிடமிருந்து ஏதாவது சத்தம், ஏதாவது ஒரு பதில், கேட்டீர்களா?"

"இல்லை" என்றார் அக்கா. "அவர் திரும்பி வந்ததிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை."

அந்தப் பெண்மணியின் முகம் வாடியதைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. "நான் கேட்டேன்" என்று குறுக்கே விழுந்தேன். "நேற்று. சுவரில். ஏதோ தட்டின மாதிரி." தங்கை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

அக்கா வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியபிறகுதான் கேட்டார்.

"நீர் கேட்டனீரோ?"

"இல்லக்கா. ஆனா அப்படிச் சொன்னா கொஞ்ச நாள் தள்ளிப் போடுவாங்கல்ல? அவர் பிறந்ததுலேருந்து இருக்கிற வீடு."

"எனக்கும் அவர் இஞ்சயே இருக்கோணும் எண்டுதான் விருப்பம். ஆனால் நீர் கேக்கேல்லையே பிள்ளை."

மறுநாள் காலை, நான் வேலைக்குக் கிளம்பும்போது, அக்கா பக்கத்து வீட்டுக் கதவடியில் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பிள்ளை ஆசையில் சொன்னது, அவள் ஒன்றும் கேட்கவில்லை என்று தங்கையிடம் சொல்லிவிட்டார். என்னை வைத்துக்கொண்டே சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் ஸ்டேஷன்வரை நான் எப்படி நடந்தேன் என்று தெரியாது. உங்களுக்கு நெஞ்சு இருக்கிற இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். கேட்காமல், பேசுவதையே நிறுத்திக்கொண்டேன். செவன் கிங்ஸில் ஓர் அறை காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு அதைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன்.

அக்கா கடையில் சொல்லி ஷிப்டைக் காலைக்கு மாற்றிக்கொண்டார். திங்கட்கிழமை பின்னேரம் நான் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாக நாலு மணிக்குக் கீழே கிட்டார் சத்தம். இறங்கிப் பார்த்தால், ஸ்பீக்கரைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்து, சிங்கிள்ஸ் தொகுப்பை முதலிலிருந்து போட்டுவிட்டு, அக்கா சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றார். தொகுப்பு முடியும்வரை நின்றார். ஒன்றும் இல்லை. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. ஒன்றும் இல்லை. அந்த வயதில் தினமும் ஒரு மணிநேரத்துக்கு மேல் சுவரோடு ஒட்டி நின்றால் கால் என்னத்துக்கு ஆகும்? வெள்ளிக்கிழமை நான் பேசாமலே ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். "இருந்தால் காது எட்டாது" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை ஏழாவது பாட்டுப் பாதி போயிருக்கும். சுவரில் 'டொக், டொக்' என்று இரண்டு தட்டு. நான் படியிலிருந்து தாவி இறங்கினேன். அக்கா அசையவில்லை. கையை உயர்த்தி என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லி, மிச்சப் பாட்டெல்லாம் முடியும்வரை கேட்டுவிட்டுத்தான் திரும்பினார்.

"உந்தப் பாட்டு அவருக்குப் பிடியாது" என்றார். "ஒரு நாளும் முழுசா ஓடவிட மாட்டார். தொடங்கின உடனை எழும்பி மாத்திப் போடுவார்."

"அக்கா! அப்ப அவருக்கு எல்லாம் விளங்குது! ஓடிப்போய்ச் சொல்லுங்க!"

"ஒரு நாள்தானே கேட்டது. கை தட்டுப்பட்டும் இருக்கலாம்."

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. செவ்வாய்க்கிழமை மறுபடி போட்டார். ஏழாவது பாட்டுக்கு இரண்டு தட்டு, இந்த முறை பலமாக. புதன்கிழமை ஏழாவதை விட்டுவிட்டு ஆறிலிருந்து எட்டுக்குப் போனார். ஒரு தட்டும் இல்லை. நேரத்தையும் பாட்டையும் கோயில் காலண்டரில் பென்சிலால் குறித்து வைத்தார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது, நான் அவசரத்தில் சொன்ன பொய்யைக் கடைசியில் உண்மையாகக் கேட்டுவிட்டவர் இவர்தான் என்று. கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

வியாழக்கிழமை நான் லீவு போட்டேன். பக்கத்து வீட்டு முன்னறையில் சமூகப் பணியாளர், தங்கை, அக்கா. நான் வாசல்நிலையில் ஒட்டிக்கொண்டு நின்றேன். கட்டிலில் அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அக்கா, காலண்டர் தாளைப் பார்த்து, அவருக்கு வருகிற இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். ஐந்து நாள் போட்டேன், ஒன்றும் கேட்கவில்லை. பிறகு இரண்டு நாள் ஏழாவது பாட்டுக்கு இரண்டு தட்டுக் கேட்டது. அந்தப் பாட்டை விட்ட நாள் கேட்கவில்லை. "அவருக்கு அந்தப் பாட்டுப் பிடிக்காது. அதைக் கேட்டேன். அவர் எங்கே இருக்க விரும்புகிறார் என்று எனக்குத் தெரியாது. அதை நீங்கள் அவரிடம் கேளுங்கள்."

பிறகு கட்டில் பக்கம் திரும்பி, "முழுப் பாட்டையும் போட்டதற்கு மன்னிக்க வேண்டும்" என்றார்.

அவர் கண்ணைத் திறந்தார்.

பணியாளர் அவருடைய இடது கைப் பக்கம் குனிந்து, ஆம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு என்றார். தங்கையின் ஊருக்குப் போக விருப்பமா? கட்டில் கம்பியில் இரண்டு தட்டு. இந்த வீட்டிலேயே இருக்க விருப்பமா? ஒரு தட்டு. தங்கை அவருடைய போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அதுவரை அவர் ஏன் எதற்கும் அசையவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெட்கமாக இருக்கலாம், ஆத்திரமாக இருக்கலாம். அக்காவைக் கேட்டால், "அவர் சொல்லேல்லை" என்பார். பராமரிக்கிறவர்கள் கூடுதலாக வந்துபோக ஏற்பாடாகி, அவர் அங்கேயே இருந்தார்.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பி வந்து அக்கா கேத்திலில் தண்ணீர் பிடித்தார். நான் குசினி வாசலில் நின்று, மனதில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டே விட்டேன்.

"அக்கா, அவர் தட்டாமலே விட்டிருந்தா இன்னிக்கு என்ன சொல்லியிருப்பீங்க?"

"தட்டேல்லை எண்டுதான்."

"அவரக் கூட்டிட்டுப் போயிருப்பாங்களே."

"ஓம்."

கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு, கையைத் துடைத்தபடி சொன்னார்: "அங்க போறதெண்டால் ரெயினால இறங்கி ஒரு பஸ் எடுக்கோணும். ஞாயிற்றுக்கிழமையில அந்த பஸ் ஓடாது. சனிக்கிழமையிலதான் போகலாம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன சனிக்கிழமை லீவு போட்டிட்டுப் போய்ப் பாத்தனான். அந்த இல்லம் துப்பரவா இருக்கு. சுவர்தான் மெல்லிசு. பாட்டுப் போட விடுவியளோ எண்டு கேட்டனான். சின்னச் சத்தத்தில போடலாமாம்."